கிளிப்பா, தையலா: இரைப்பைக்குள் ஒரு காயத்தை மூடிய கதை

சென்ற மாதம் ஹேமாவதியிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. நான் ஓய்வு பெற்றபிறகு எங்கள் ஆஸ்பத்திரியின் எண்டோஸ்கோபி அறையைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"அக்கா, வயித்துக்குள்ளயே தையல் போடுற மெஷினை நம்ம ஆஸ்பத்திரியே வாங்கிடுச்சு. இனிமே கிளிப்புக்கெல்லாம் வேலை இல்லன்னு புது டாக்டர் சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க? சுருக்கமா சொல்லுங்க, டியூட்டில இருக்கேன்."

சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது என்பது அவளுக்கே தெரியும். எழுதி அனுப்புகிறேன் என்று பதில் போட்டேன். அந்தப் பதில்தான் இது.

ஒரு முன்குறிப்பு. எதையும் தேதியோடும் கிழமையோடும் நினைவில் வைப்பது என் பழக்கம். ஆஸ்பத்திரியில் என்னைக் 'காலண்டர் சிஸ்டர்' என்று கேலி செய்வார்கள். இருந்தும் இந்தக் கட்டுரையில் தேதிகளை விட்டுவிட்டேன், பெயர்களை மாற்றிவிட்டேன். இந்த மாவட்டத்தில் ஒரு தேதியையும் ஓர் ஊரையும் சேர்த்துச் சொன்னால் போதும், அடுத்த பஸ்ஸில் வருகிறவர் ஆளையே கண்டுபிடித்துவிடுவார்.

நான் சாத்தூர் பக்கம் பிறந்தவள். மதுரையில் நர்சிங் படித்தேன். கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் வேலை என்பதால் இங்கே வந்தேன். சில வருடங்கள் பொது வார்டு, பிறகு கடைசிவரை எண்டோஸ்கோபி. நான் அந்த அறைக்குள் போனபோது அந்தக் கறுப்புக் குழாய் பார்ப்பதற்கு மட்டும்தான். வாய் வழியாக விட்டு, இரைப்பையைப் பார்த்து, புண் இருந்தால் மாத்திரை எழுதுவார்கள். கட்டி இருந்தால் துளி கிள்ளியெடுத்துச் சோதனைக்கு அனுப்பி, ஆளை அறுவை சிகிச்சை டாக்டரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். பிறகு அதே குழாயின் வழியாக வெட்டவும் தொடங்கினார்கள். வெட்டத் தொடங்கியதும் கூடவே இன்னொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. வெட்டிய இடத்தை எப்படி மூடுவது?

இரைப்பையின் சுவரை உள்ளே லைனிங் வைத்துத் தைத்த கோட்டு என்று நினைத்துக்கொள்ளலாம். லைனிங் மட்டும் வெட்டுப்பட்டால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். அமிலத்தைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தால் தானே ஆறிவிடும். வெட்டு ஆழமானால் கிளிப் போடுவோம். இரண்டு காலுள்ள சின்ன உலோகக் கொக்கி அது. பழைய வைத்தியர்கள் கிழிந்த குடலின் இரு ஓரங்களையும் சேர்த்துவைத்துக் கட்டெறும்பைக் கடிக்கவிட்டு, அது கடித்தபின் உடம்பைக் கிள்ளி எறிந்துவிடுவார்களாம். படித்தபோது சிரித்தேன். நான் தினமும் கையில் எடுத்துக் கொடுத்தது அந்த எறும்பின் தலையைத்தான்.

கிளிப்பின் குறை என்னவென்றால் அது பெரும்பாலும் லைனிங்கை மட்டும்தான் பிடிக்கும். ஓட்டை பெரிதாக இருந்தால் சுற்றிலும் கிளிப்புகளைக் குத்தி, அவற்றில் ஒரு நைலான் வளையத்தை மாட்டி, சுருக்குப்பை வாயை இழுப்பதுபோல் இழுத்துக் கட்டுவார்கள். இன்னொரு வகை, பெரிய கிளிப். கரடிப் பொறியைப்போல் பல் வைத்தது. குழாயின் நுனியில் தொப்பியாக மாட்டிக்கொண்டு போய், ஓட்டையை அதற்குள் உறிஞ்சி, விட்டுவிட வேண்டும். சுவரை முழுக் கனத்தோடு கவ்வும். ஆனால் விட்டது விட்டதுதான். தப்பாகக் கவ்விவிட்டால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. தையல் கடைசியாக வந்தது. வளைந்த ஊசி சுவரை முழுதாகத் துளைத்து நூலை இழுக்கும். பார்க்க அழகான வேலை. இரைப்பையின் மேல்வளைவில் அந்த ஊசியைத் திருப்புவதற்குள்தான் டாக்டருக்கு வியர்த்துவிடும்.

எங்கள் டாக்டர் வாசுதேவன் கும்பகோணத்துக்காரர். அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய மரியாதை ஒரு எச்சரிக்கை மணி. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தால் "செல்வி, கிளிப்பை எடு" என்று என்னிடம் சொல்வார். கொஞ்சம் சிக்கலானால் "சிஸ்டர், கிளிப் கொடுங்க". "தயவுசெய்து" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்துவிட்டால், மயக்க மருந்து மேடம் யாரும் சொல்லாமலே அவசர மருந்து டிராயரைத் திறந்துவைத்துவிடுவார்.

மூடுவதற்கு முன்னால் அவர் ஒரு வேலை செய்வார். குழாயை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, "என்ன தெரியுது?" என்று அறையிலிருக்கும் ஒவ்வொருவரையும் கேட்பார். ஓரம் சிவந்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா, எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று எல்லோரும் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்டதால் எனக்குக் கண் பழகியது. அவருக்கு என்ன கிடைத்தது என்று ஒருநாள் கேட்டேன். "வெட்டின கைக்கு எப்பவும் ஓட்டை சின்னதாத்தான் தெரியும். அதான் உங்களைக் கேக்கறேன்" என்றார்.

இனி அந்த ஒரு நோயாளி.

முனிரத்தினம், நாகரசம்பட்டிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, உறுதியான உடம்பு. இரைப்பைச் சுவருக்குள் ஒரு கட்டி. புற்றாக மாறக்கூடிய வகை, இன்னும் மாறவில்லை. இருந்த இடம்தான் மோசம். உணவுக்குழாய் வந்து இரைப்பையோடு சேரும் வாசலுக்குப் பக்கத்தில். வெளியிலிருந்து அறுத்தால் இரைப்பையின் மேல்பகுதியையே எடுக்க வேண்டிவரலாம். அப்புறம் ஆயுசுக்கும் ஒரு பிடி, ஒரு பிடியாகத்தான் சாப்பிட முடியும். அவருடைய அண்ணன் வேறெங்கோ வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பாமலே போனவர்.

"வயித்தக் கிழிக்கிறதுன்னா இப்பவே சொல்லிடுங்க சார். எந்திரிச்சிப் போயிட்றேன்" என்றார் முனிரத்தினம்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சரோஜா, "எங்க போவே? போனா அந்தக் கட்டியும் கூடத்தான வரும்?" என்றார். பிறகு டாக்டரைப் பார்த்து, "வாய் வழியாவே எடுத்துட முடியும்னா எடுங்க சார். இந்தாள நான் உக்கார வெக்கிறேன்" என்றார்.

எங்கள் அறுவை சிகிச்சை டாக்டர் மஞ்சுநாத், மாலூர்க்காரர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். அவருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் வாசுதேவன் டாக்டர் கேட்டுக்கொண்டதால் பக்கத்து தியேட்டரில் தயாராக இருக்கச் சம்மதித்தார். "நான் கை கழுவட்டுமா, காபி குடிக்கட்டுமா? அத மட்டும் கரெக்டா சொல்லிடுங்க சார்" என்றார். கை கழுவுவதென்றால் அவர் அகராதியில் அறுவைக்குத் தயாராவது.

அன்று காபிதான் குடித்தார். கட்டி முழுசாக வந்தது. அது இருந்த இடத்தில் இரைப்பைச் சுவர் முழுக் கனத்துக்கும் ஓட்டை. பெரிய கிளிப்பின் வாய்க்கு அடங்காத அகலம். தையல் கருவி அப்போது எங்களிடம் இல்லை. ஆகவே கிளிப்புகளும் நைலான் வளையமும். சுருக்கு இறுகியபோது ஓட்டை ஒரு மொட்டுபோல் குவிந்தது. சில நாள் பட்டினி, மூக்கு வழியாக டியூப், பிறகு தண்ணீர், பிறகு கஞ்சித் தண்ணீர். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எல்லோரிடமும் சொல்லும் வாக்கியத்தைச் சொன்னார்: "நான் மறுபடி பார்க்கற வரைக்கும், மெல்ல வேண்டிய எதையும் குடுக்கக் கூடாது. பல்லுக்கு வேலையே இருக்கக் கூடாது."

சரோஜா அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினார். கவனமான பெண்மணி.

அடுத்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முனிரத்தினத்தை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். விடிவதற்கு முன்பே வலி தொடங்கியிருக்கிறது. வழியில் சானமாவுக் காட்டு யானைகள் சாலையைக் கடக்கின்றன என்று வனத்துறையினர் வண்டிகளை நிறுத்தியதில் இன்னும் தாமதம். வயிறு இறுகியிருந்தது. காய்ச்சல். ஸ்கேனில் இரைப்பைக்கு வெளியே கொஞ்சம் காற்று தெரிந்தது. மூடிய வாய் எங்கோ திறந்துகொண்டுவிட்டது.

"என்ன சாப்பிட்டார்?" என்று டாக்டர் சரோஜாவைக் கேட்டார்.

"நீங்க சொன்னபடிதான் சார். மெல்ற ஐட்டம் ஒண்ணுகூட குடுக்கல. எங்க நாத்தனா முறுக்கு கொண்டாந்தா, அத வாசல்லயே வாங்கி வெச்சிட்டு அனுப்பிட்டேன்."

டாக்டர் தலையசைத்தார். மஞ்சுநாத் டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "சார், இன்னிக்கு நான் கை கழுவறேன்" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

"கழுவுங்க. ஆனா முதல்ல நான் உள்ள போய்ப் பார்க்கறேன்."

கசிவு சின்னதாக, ஒரே இடத்தில் அடங்கியிருப்பதாக ஸ்கேன் காட்டியதால் அந்த அவகாசம் இருந்தது. பெங்களூரிலிருந்து தையல் கருவியை ஒருமுறை செய்துகாட்டக் கொண்டுவந்திருந்த கம்பெனிப் பையனுக்கு டாக்டர் ஏற்கெனவே போன் போட்டிருந்தார். அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டி, ஒருவழியாகக் கருவியோடு வந்து சேர்ந்தான். அலமாரியில் பெரிய கிளிப் ஒன்றே ஒன்று இருந்தது. இரண்டையும் மேஜையில் பிரிக்காமல் எடுத்துவைத்தேன்.

முனிரத்தினத்தை மயக்கத்தில் ஆழ்த்திக் குழாயை விட்டதும் திரையில் கறுப்பாக ஒரு கட்டி தெரிந்தது. எலுமிச்சம்பழ அளவு இருக்கும். அதன் பக்கத்தில் இன்னொன்று. டாக்டர் குழாயை இன்னும் கிட்டே கொண்டுபோனார். பிறகு, "சிஸ்டர், ரத்தம் ஏற்பாடு பண்ணச் சொல்லுங்க. உள்ள கசிஞ்சு உறைஞ்சிருக்கு" என்றார்.

மயக்க மருந்து மேடம் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது. அதுதான் யாருக்கும் புரியவில்லை.

மஞ்சுநாத் டாக்டர் கழுவிய கைகளை மார்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்தபடி திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "ரத்தம் இல்ல சார் இது."

"பின்ன?"

"முத்தே சார். ராகி முத்தே. நம்ம மனேல, வீட்ல, தினமும் இதுதான். இங்க களின்னு சொல்வாங்க."

தண்ணீரைப் பீய்ச்சியதும் அது கரைந்து பழுப்பாக ஓடியது. ராகிக் களியேதான். மஞ்சுநாத் டாக்டர் கதவைக் காலால் தள்ளி, வெளியே நின்ற சரோஜாவிடம் கேட்டார். அந்தப் பதில் எங்கள் எல்லோருக்கும் உள்ளே கேட்டது.

"ஆமா சார், நேத்து ராத்திரி ரெண்டு உருண்ட குடுத்தேன். கஞ்சியாவே குடிச்சி ஆளு தொவண்டு போச்சி. களிய யாராச்சும் மென்னு திம்பாங்களா? கொழம்புல தோச்சி முழுங்கறதுதான? பல்லுக்கு வேலையே இல்லியே!"

இந்தப் பக்கத்தில் களி சாப்பிடுகிற யாரும் அதை மெல்லுவதில்லை. மென்றால் பல்லில் ஒட்டும், ருசியும் இருக்காது. உருட்டி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். உள்ளே போனபிறகும் சட்டென்று கரையாது; அதனால்தான் உழைக்கிறவர்களுக்கு அது பிடித்த சாப்பாடு. தொழிற்சாலைக்கு வந்த எங்கள் தெற்கத்தி ஆட்களுக்கு டாக்டரின் வாக்கியம் போதும். இட்லியைப் பாலில் கரைத்து ஊட்டுவார்கள். நாகரசம்பட்டியில் அதே வாக்கியத்துக்கு மிகச் சரியான பதில், களி.

அறையில் யாரோ சிரிக்கத் தொடங்கி அடக்கிக்கொண்டார்கள். டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "சிரிக்காதீங்க. அந்தம்மா நான் சொன்னதை அப்படியே செஞ்சிருக்காங்க."

களியைக் கழுவி முடித்தபின் காயம் தெரிந்தது. மொட்டின் பெரும்பகுதி நன்றாக ஒட்டியிருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் கிளிப்புகள் பெயர்ந்து, நைலான் வளையம் தளர்ந்து, சின்ன வாயாகத் திறந்திருந்தது. சுற்றிலும் வீங்கிச் சிவந்த சதை. "என்ன தெரியுது?" என்று டாக்டர் கேட்டார். ஒவ்வொருவராகச் சொன்னோம். மஞ்சுநாத் டாக்டர் கடைசியாகச் சொன்னார்: "பெரிய கிளிப்புக்கு அடங்கற சைஸ்தான் சார். ஆனா ஒரு சான்ஸ்தான். தப்பா கவ்விடுச்சுன்னா நான் மேல் பாதியை எடுக்கணும்."

அதனால்தான் டாக்டர் முதலில் தையலைத் தேர்ந்தார். தையல் சரியாக விழாவிட்டால் அறுத்துவிட்டு மறுபடி போடலாம். பெரிய கிளிப்பில் அந்த வசதி இல்லை. குழாயை உள்ளுக்குள்ளேயே முழுசாக வளைத்து, தலைகீழாக மேல்நோக்கிப் பார்த்தபடி ஊசியைத் திருப்பினார். ஊசி சுத்தமாக இறங்கி, சுத்தமாக வெளியே வந்தது. நூலை மெல்ல இழுத்தார்.

நூல் சதையை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. பழுத்த பப்பாளியைத் தைத்து இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி. இன்னும் தள்ளி, நல்ல சதையில் ஒரு முறை குத்திப் பார்த்தார். அங்கே வளைவு இடம் கொடுக்கவில்லை. ஊசியின் முதுகு உணவுக்குழாய் வாசலில் இடித்தது.

டாக்டர் குழாயை வெளியே எடுத்தார். கையுறையை மாற்றிக்கொண்டார். "செல்வி சிஸ்டர், தயவுசெய்து அந்தப் பெரிய கிளிப்பை மாட்டிக் குடுங்க."

டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது. நான் தொப்பியை நுனியில் மாட்டி, இழுகயிற்றைக் குழாயின் துவாரம் வழியாகக் கொண்டுவந்து, கிளிப்பை விடுவிக்கக் கைப்பிடியில் பொருத்தும் சக்கரத்தில் சுற்றிக் கொடுத்தேன். எத்தனையோ முறை செய்த வேலைதான். அன்று கயிறு எனக்குப் பாரமாக இருந்தது.

மறுபடி உள்ளே போனபோது திறந்த வாயில் மஞ்சளாக ஏதோ எட்டிப்பார்த்தது. வயிற்றுக்குள் குடலின்மேல் போர்வைபோல் தொங்கும் கொழுப்பு. வெளியிலிருந்து ஓட்டையை அடைக்க அதுவே வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கசிவு பரவாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். டாக்டர் அதைத் தள்ளிவிட்டுக் கவ்வலாமா என்று யோசித்தார்.

"தள்ளாதீங்க சார்," என்றார் மஞ்சுநாத் டாக்டர். "நாங்க வயித்தத் திறந்தா அந்தக் கொழுப்பத்தான் எடுத்து ஓட்டைல வெச்சுத் தைப்போம். அது தானா வந்து நிக்குது. சேத்தே பிடிங்க."

வயிற்றை அறுக்க வேண்டும் என்று நின்றவர் சொன்ன யோசனை அது. டாக்டர் ஒரு கணம் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உறிஞ்சினார். ஒரு ஓரம் தொப்பிக்குள் வந்தது. மறு ஓரம் வழுக்கியது. விட்டார். மறுபடி உறிஞ்சினார். இரண்டு ஓரமும், நடுவில் அந்த மஞ்சள் கொழுப்பும், திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தன.

"சிஸ்டர்?"

"ரெண்டு பக்கமும் உள்ள இருக்கு சார்."

"மஞ்சு?"

"விடுங்க சார்."

சக்கரத்தைச் சுழற்றினார். பல் கவ்வியது. உறிஞ்சலை நிறுத்திக் குழாயைப் பின்வாங்கியபோது அந்த இடம் இறுக்கிப் பிடித்த கைமுஷ்டிபோல் நின்றது. அதன்மேல் தண்ணீரை விட்டு, காற்றை ஊதிச் சோதித்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. மஞ்சுநாத் டாக்டர் கழுவிய கைகளை இறக்காமல் கடைசிவரை நின்றார்.

அதன்பிறகு வந்த நாட்கள்தான் எனக்கு நீளமாக இருந்தன. ஆண்டிபயாடிக், டியூப், பட்டினி. காய்ச்சல் முதலில் தயங்கி, பிறகு இறங்கியது. ஒரு காலையில் முனிரத்தினத்தை எக்ஸ்ரே முன்னால் நிறுத்தி, சாயம் கலந்த திரவத்தை விழுங்கச் சொன்னோம். வெள்ளைக் கோடு உணவுக்குழாயில் இறங்கி, இரைப்பையில் தேங்கி, கீழே போனது. பக்கவாட்டில் ஒரு துளியும் போகவில்லை. வயிற்றில் கத்தி படாமலே அவர் வீட்டுக்குப் போனார்.

அன்று டாக்டர் சரோஜாவை உட்காரவைத்து, எதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்வதற்குப் பதிலாக, "உங்க வீட்ல காலைல, மத்தியானம், ராத்திரி என்ன செய்வீங்க, சொல்லுங்கம்மா" என்று கேட்டார். சரோஜா சொல்லச் சொல்ல, டாக்டர் எது ஆகும், எது ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். களிக்குப் பதில் ராகியை வடிகட்டிய கூழாக, நீர்க்கக் காய்ச்சித் தரலாம் என்று இருவருமாக முடிவு செய்தார்கள். முதல்முறை கிளிப் பெயர்ந்ததற்குக் களிதான் காரணமா என்று நான் பின்னால் கேட்டபோது, "இருக்கலாம். அது இல்லாமலும் பெயர்ந்திருக்கலாம். அந்தம்மா தலையில போட்டுட்டா நமக்கு வசதி, அவ்வளவுதான்" என்றார். அன்றிலிருந்து மூடுவதற்கு முன்னால் எங்கள் அறையில் பேசப்படும் விஷயங்களில் அந்த நோயாளியின் சாப்பாடும் சேர்ந்துகொண்டது. பீகாரிலிருந்து வந்த வெல்டர் சப்பாத்தியை எதோடு சாப்பிடுவார் என்றெல்லாம் தெரிந்துகொண்டோம்.

ஆகவே ஹேமா, உன் புது டாக்டரிடம் இதைச் சொல். தையல் நல்ல கருவி. முதல் நாளே, வீக்கமில்லாத புதுக் காயத்தில், அது நம்மிடம் இருந்திருந்தால் முனிரத்தினம் திரும்பி வந்திருக்கவே மாட்டாரோ என்னவோ. வீங்கிய சதையில், அந்த வளைவில், அதே நூல் அறுத்துக்கொண்டு வந்ததையும் என் கண்ணால் பார்த்தேன். சின்னக் கிளிப்புகள் தோற்றது ஒரு ஓரத்தில் மட்டும்தான். மீதியை அவைதான் பிடித்துவைத்திருந்தன, அதனால்தான் பெரிய கிளிப்புக்கு அடங்கும் அளவில் ஓட்டை நின்றது. மெஷின் வந்ததற்குச் சந்தோஷப்படு. அலமாரியைக் காலி செய்துவிடாதே.

அடுத்த வருடம், மாம்பழ சீசன் முடிந்த கையோடு, முனிரத்தினம் பரிசோதனைக்கு வந்தார். கன்னத்தில் சதை போட்டிருந்தது. குழாயை உள்ளே விட்டு, வளைத்து மேல்நோக்கிப் பார்த்த டாக்டர் வெகுநேரம் தேடினார். பெரிய கிளிப் எப்போதோ கழன்று போய்விட்டிருந்தது. லைனிங் எங்கும் ஒரே சீராக, ஈரமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. கடைசியில், வாசலுக்குப் பக்கத்தில், நகத்தால் கீறியதுபோல் வெளிறிய ஒரு கோடு. அதைப் படமெடுத்தார்.

வெளியே வந்து அந்தப் படத்தைச் சரோஜாவிடம் காட்டி, இதுதான் அந்த இடம் என்று விரலால் தொட்டுச் சொன்னார். சரோஜா படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளிவைத்துப் பார்த்தார்.

"இவ்ளோதானா சார்? இதுக்கா அன்னிக்கி அத்தினி பேரு நின்னீங்க?"

"ஆமாம்மா," என்றார் டாக்டர். "இவ்வளவுதான்."